இறால் ஓட்டுத் தலையணைகள்

14 அக்டோபர்

களப்பணிக்குப் போகிறவர் தினமும் டைரி எழுத வேண்டும் என்பது விதி. ஸ்டோரில் போன வருடத்து டைரிதான் இருந்தது. கிழமைகள் பொருந்தவில்லை. ஆகவே தேதியை மட்டும் எழுதுகிறேன்.

பெயர் சட்டைநாதன், சொந்த ஊர் சீர்காழி. கடலோர நீர் ஆய்வு மையத்தில் முதுநிலை ஆய்வக உதவியாளர். முப்பத்திரண்டு வருட சர்வீஸில் இதுதான் என் முதல் களப்பணி. ஓய்வு பெற நாற்பத்தேழு நாட்கள் இருக்கின்றன. வேறு யாரும் போக ஒத்துக்கொள்ளாததால் என்னை அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

இடம் மணல்வாய்க்குப்பம். சென்னைக்கு வடக்கே, ஆறு கடலில் கலக்கும் கழிமுகத்தின் கரையில் இருக்கிறது. நீரில் ‘கருநிறப் படலம்’ இருப்பதாகப் புகார். அதைப் பார்வையிட வேண்டும். எண்ணெய் என்று எழுதக் கூடாது. ஆய்வறிக்கை வராமல் எதையும் எண்ணெய் என்று சொல்லக் கூடாது என்று துணை இயக்குநர் மங்களேஸ்வரி மேடம் சொல்லியனுப்பினார். ஆய்வறிக்கை தர வேண்டிய பெரிய மிஷின் மார்ச் மாதத்திலிருந்து பழுது.

போய்ப் பார்த்தேன். கழிமுகம் முழுக்கத் தார் ஊற்றிய ரோடு மாதிரி இருந்தது. ஒரு கொக்கு நின்றுகொண்டிருந்தது. அது கொக்குதானா என்று உறுதி செய்ய முடியவில்லை.

கரையில் இறால் உரிக்கும் கொட்டகை வைத்திருக்கும் தேசம்மாள் என்ற பெண்மணி, வயது ஐம்பது இருக்கும், நீருக்குள் முழங்கை வரை கையை விட்டு எடுத்துக் காட்டினார்.

“இது இன்னா சார்?”

“கருநிறப் படலம்.”

அவர் கையை என் சட்டையில் நெஞ்சுக்கு நேராகத் துடைத்தார். “இப்ப?”

“சட்டையில் உள்ள கருநிறப் படலம்.”

“சார் பேரு இன்னா?”

“சட்டைநாதன்.”

சுற்றி நின்ற முப்பது நாற்பது பெண்களும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் ஒருவர் அழுதார். ஆற்றில் கையால் தடவி இறால் பிடிப்பவர்களாம். ஒன்பது நாட்களாக ஆற்றில் இறங்க முடியவில்லையாம்.

மேல்பக்கம், ஆறு வளைகிற இடத்தில், ஒரு எண்ணெய்க் கிடங்கு இருக்கிறது. அதன் வடிகால் குழாய் ஆற்றில்தான் திறக்கிறது. இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நான் எந்தத் தொடர்பும் சொல்லவில்லை.

15 அக்டோபர்

சட்டையை மண்ணெண்ணெய், சலவை சோப்பு, எலுமிச்சை என்ற வரிசையில் துவைத்தேன். போகவில்லை.

17 அக்டோபர்

இன்று ஒன்று கவனித்தேன்.

தேசம்மாள் கொட்டகையின் பின்புறம் இறால் ஓடுகளைக் கரையோரம் மலையாகக் கொட்டி வைத்திருக்கிறார்கள். வளர்ப்புப் பண்ணைகளிலிருந்து லாரியில் வரும் இறாலை உரித்து அனுப்புவதால், ஆறு கெட்டாலும் ஓடு மட்டும் குறையவில்லை. நேற்றைய கடல் ஏற்றத்தில் தண்ணீர் அந்தக் குவியல் வரை வந்து போயிருக்கிறது. குவியலின் அடி கறுத்துக் கிடந்தது. அதை ஒட்டி ஒரு பாய் அகலத்துக்குத் தண்ணீர் தெளிவாக இருந்தது. ஒரு மீன்குஞ்சுகூட ஓடியது.

இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் ஆய்வகத்தில் ஒரு கண்ணாடிக் குடுவையில் இதை நான் செய்து பார்த்திருக்கிறேன். இறால் ஓடு, நண்டு ஓடு எல்லாவற்றிலும் ஒரு நார்ப்பொருள் இருக்கிறது. ஓட்டைக் கழுவி, நீர்த்த அமிலத்தில் ஊறப்போட்டு, அதிலுள்ள சுண்ணாம்பைக் கரைத்து, பிறகு சோடா நீரில் கொதிக்க வைத்து உலர்த்தினால் அந்த நார் மிஞ்சும். அது எண்ணெயை உறிஞ்சும். குறிப்பு எழுதி மேலே அனுப்பினேன். ‘நடவடிக்கை தேவையில்லை’ என்று திரும்பி வந்தது. கோப்பு எண் 218/க/4. அதை நான் என்றோ மறந்துவிட்டேன்.

19 அக்டோபர்

மேடத்திடம் போனில் அனுமதி கேட்டேன்.

“செய்யுங்க. ஆனா எண்ணெய் எடுக்கிறோம்னு எங்கயும் எழுதாதீங்க, சட்டைநாதன். படலத்தின் அடர்த்தியைக் குறைக்கும் சோதனைன்னு போடுங்க.”

“சரி மேடம்.”

“உங்களுக்கு எதுக்கு இந்த வேலை? நவம்பர் முப்பது வரைக்கும் கரையில உக்காந்து பார்த்துட்டு வந்திருக்கலாமே?”

உட்கார இடம் இல்லை, எல்லா இடத்திலும் படலம் என்று சொன்னேன்.

21 அக்டோபர்

தேசம்மாளிடம் ஓடு கேட்டேன். எவ்வளவு வேண்டும் என்றார். எவ்வளவு இருக்கிறது என்றேன். அவர் குவியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “பதினெட்டு வருசத்துல இத்த கேட்டுகினு வந்த மொத ஆளு நீதான் சார். நாய் கூட மூந்து பாத்துட்டுப் பூடும்.”

கொட்டகைப் பெண்கள் கழுவினார்கள். அண்டாக்களில் அமிலம் ஊற்றியதும் ஓடு நுரைத்துப் பொங்கியது. சோடா விட்டது போல இருக்கிறதே என்று ஒருவர் குனிந்து பார்த்தார். யாரும் குடித்துவிடக் கூடாதே என்று மூன்று மணி நேரம் அண்டாவுக்குக் காவல் நின்றேன்.

சோடா நீரில் கொதிக்க வைத்து, வெயிலில் காயப்போட்டு, சாயங்காலம் அரைக்க மாவு மில்லுக்குப் போனோம். மில்காரர் முடியாது என்றார். தேசம்மாள் அவரிடம் தனியாக ஏதோ பேசினார். பிறகு முடியும் என்றார்.

22 அக்டோபர்

குப்பம் முழுக்க இட்லியில் இறால் வாசம். மில்காரர் வெளியே வரவில்லை. மதியத்துக்கு மேல் இரண்டு வீடுகளிலிருந்து அதே மாவு இன்னும் கிடைக்குமா என்று கேட்டு வந்தார்கள்.

23 அக்டோபர்

துலுக்காணம் என்பவரின் படகில் போய்த் தூளைத் தூவினேன். படகு இருக்கிறது, மீன் இல்லை என்பதால் அவர் நாள் முழுவதும் என்னோடு இருக்கிறார். எட்டாவது வரை படித்தவர். எந்தக் காகிதத்தைக் கண்டாலும் உரக்க வாசிப்பார்.

தூள் எண்ணெயைப் பிடித்துக்கொண்டது. ஐந்து நிமிடம் கறுப்பு உருண்டைகளாக மிதந்தது. பிறகு எல்லாமாகச் சேர்ந்து அடியில் போய்விட்டது. மேலே இருந்ததை நண்டு வளைக்கு அனுப்பிவைத்திருக்கிறேன்.

கரைக்கு வந்ததும் தேசம்மாள் ஒரு டம்ளர் டீ கொடுத்தார். குடிக்க முடியவில்லை. சர்க்கரை அதிகம் என்று சொன்னேன்.

24 அக்டோபர்

காலையில் போனபோது தேசம்மாள் ஒரு பழைய நைலான் புடவையைக் கிழித்துத் தைத்துக்கொண்டிருந்தார்.

“நீ இன்னாத்துக்கு சார் அத்த மாவா அரைச்சே? சும்மா நொறுக்கி, மூட்டையா கட்டி, மெதவைக் கட்டையோட மெதக்க வுடு. குடிக்கிறத குடிக்கட்டும். வயிறு ரொம்பினா தூக்கிரலாம்.”

பழைய வலையிலிருந்த மிதவைக் கட்டை ஒன்றை உள்ளே வைத்து, அரைக்காத ஓட்டு நாரை அடைத்து, தலையணை போலத் தைத்து நீரில் விட்டார். மிதந்தது. கால் மணி நேரத்தில் பூப்போட்ட மஞ்சள் புடவை கறுப்பாகிவிட்டது. தூக்கினோம். கனத்தது. அது கிடந்த இடத்தில் வானம் தெரிந்தது.

இது நீர்ப்பரப்பு உறிஞ்சு அலகு எனப்படும். நான் பரிசீலித்துக்கொண்டிருந்த வடிவமைப்புகளில் இதுவும் ஒன்று.

25 அக்டோபர்

மேற்கண்ட கடைசி வாக்கியம் சரியல்ல. நான் பரிசீலிக்கவில்லை.

28 அக்டோபர்

துணி போதவில்லை. ‘இறால் ஓடு அடைக்கத் தலையணை உறைகள் 500’ என்று மையத்துக்கு எழுதியிருந்தேன். இன்று வேன் வந்தது. இலவம்பஞ்சு அடைத்த தலையணைகள் நாற்பது, ஒவ்வொன்றிலும் அரசு முத்திரை. கூடவே இரண்டு மெத்தை. களப்பணியாளர் எத்தனை பேர், எத்தனை கட்டில் என்று நிரப்பி அனுப்ப ஒரு படிவம்.

துலுக்காணம் படிவத்தை உரக்க வாசித்தார். பெண்கள் தையலை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். “மெத்தைய ஆத்துல வுட்டா எவ்ளோ குடிக்கும் சார்?” என்று ஒருவர் உண்மையான அக்கறையோடு கேட்டார். விட்டுப் பார்த்தோம். முழுகிவிட்டது.

இனி வீடு வீடாகப் பழைய புடவை வாங்கிக்கொள்வது என்று தேசம்மாள் முடிவு செய்தார்.

4 நவம்பர்

லாட்ஜ் மேனேஜர் அறையைக் காலி செய்யச் சொன்னார். மற்ற வாடிக்கையாளர்கள் வாசம் பற்றிப் புகார் சொல்கிறார்களாம். மாடிப்படியில் பூனைகள் பதினொன்று உட்கார்ந்திருந்ததையும் காட்டினார். நான் எதற்கும் சோறு போடவில்லை என்று விளக்கினேன். பஸ்ஸில் எனக்கு இப்போதெல்லாம் இரண்டு சீட் கிடைக்கிறது என்பதைச் சொல்லவில்லை.

துலுக்காணம் வீட்டு மாடி அறையில் இருக்கிறேன். அவர் மனைவி என் சட்டைகளைத் தனி வாளியில் போடுகிறார்.

9 நவம்பர்

1,140 தலையணைகள்.

கிடங்குக்குக் கீழே உள்ள பாலத்திலிருந்து முகத்துவாரம் வரை தண்ணீர் தெளிந்துவிட்டது. காலையில் பெண்கள் இடுப்பளவு நீரில் வரிசையாக இறங்கினார்கள். தேசம்மாள் குனிந்து, சேற்றில் இரண்டு கையாலும் தடவி, ஒரு இறாலை எடுத்து என் முன் நீட்டினார். விரலளவுகூட இல்லை. உயிரோடு துள்ளியது.

“புடி சார்.”

பிடித்தேன். நழுவி ஆற்றில் விழுந்துவிட்டது. எல்லோரும் கத்தினார்கள்.

இன்று இட்லி வழக்கத்தைவிட இரண்டு அதிகமாகச் சாப்பிட்டேன்.

பாலத்துக்கு மேல்பக்கம், கிடங்கை ஒட்டிய இரண்டு மைல் இன்னும் அப்படியே இருக்கிறது. அது கிடங்கின் வேலிக்குள் வருகிறது. அங்கே இறங்க உத்தரவு வேண்டும். குழாயையும் அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த மழையில் எல்லாம் திரும்பவும் கீழே வந்துவிடும். பார்வையிட நாளை மறுநாள் குழு வருகிறது. அவர்கள் பார்த்தால் உத்தரவு போட்டுவிடுவார்கள்.

11 நவம்பர்

குழு வந்தது. மேடம், இன்னும் இரண்டு அதிகாரிகள், கிடங்கின் மேலாளர் அம்ரீஷ். அவர் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். அந்த இடத்துக்கு வெள்ளைச் சட்டையில் வருகிறவருக்கு ஏற்கெனவே ஏதோ தெரிந்திருக்க வேண்டும்.

பாலத்தில் நின்று கீழே பார்த்தார்கள்.

“எங்கே எண்ணெய்?” என்றார் அம்ரீஷ்.

“எடுத்துட்டோம் சார்,” என்றார் தேசம்மாள்.

“அப்போ எண்ணெய் இல்லை.”

“இல்ல சார். எடுத்துட்டோம்.”

“அதைத்தான் நானும் சொல்றேன். இல்லை.”

மேல்பக்கம் போக வேலிக் கதவின் சாவி கிடைக்கவில்லை. ஆய்வறிக்கை இருக்கிறதா என்று கேட்டார்கள். மிஷின் பழுது என்றேன். தலையணைகளைக் காட்டினேன். அதிகாரிகளில் ஒருவர் கறுத்துப்போன புடவையைக் குச்சியால் தள்ளிப் பார்த்து, துணி அழுக்காக இருக்கிறது என்று குறித்துக்கொண்டார்.

அறிக்கை மாலையே வந்தது. ‘கழிமுக நீரில் எண்ணெயோ பிற படலமோ காணப்படவில்லை. எனவே கசிவு நிகழ்ந்ததாகக் கொள்ள இடமில்லை. மேல் நடவடிக்கை தேவையில்லை.’

துலுக்காணம் அதை உரக்க வாசித்தார். இரண்டாவது முறை வாசிக்க வேண்டாம் என்று தேசம்மாள் சொன்னார்.

12 நவம்பர்

காலை ஏழு மணிக்குக் கூச்சல் கேட்டு ஓடினேன். துலுக்காணமும் பெண்கள் இருபது பேரும் தலையணைகளை ஆற்றங்கரைக்குச் சுமந்து வந்திருந்தார்கள். பிழிந்து திரும்ப ஊற்றிவிடுவதாம். ஊற்றிவிட்டுக் குழுவைக் கூப்பிடுவதாம்.

“எண்ண இருந்தாதான நம்புவானுங்க? இந்தா, பாக்கட்டும்!” என்று துலுக்காணம் கத்தினார்.

நான் தண்ணீரில் இறங்கிக் குறுக்கே நின்றேன். விதிப்படி இது குற்றம் என்று சொன்னேன். எந்த விதி என்று கேட்டார்கள். அந்த நேரத்தில் எண் ஞாபகம் வரவில்லை.

தேசம்மாள் முதல் தலையணையைக் கையில் எடுத்தார். அது அவருடைய அந்த மஞ்சள் புடவை. இரண்டு முனையையும் பிடித்து முறுக்கப் போனார். ஒரு சொட்டு விழுந்தது. நீர்மேல் அது வட்டமாக விரிவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்துவிட்டார்.

“என் கையால ஊத்த மாட்டேன். அவன் ஊத்துனது போதும்.”

எல்லாத் தலையணைகளையும் திரும்பச் சுமந்துபோய்க் கொட்டகைப் பின்புறம் அடுக்கினோம். நானும் நாற்பது சுமந்தேன்.

அந்தச் சொட்டை என் கைக்குட்டையால் எடுத்துவிட்டேன்.

15 நவம்பர்

மேடம் மையத்துக்குக் கூப்பிட்டார். மேஜையில் அம்ரீஷ் கையெழுத்திட்ட புகார் ஒன்று இருந்தது. தேசம்மாள் என்பவர் தன் கொட்டகையில் அபாயகரமான கழிவை அனுமதியின்றிச் சேமித்து வைத்திருக்கிறார், அதனால் கிடங்கின் பாதுகாப்புக்கு ஆபத்து.

“நோட்டீஸ் கொடுக்கணும்,” என்றார் மேடம். “மேலேருந்து பிரஷர். நீங்கதான் ஸ்பாட்ல இருக்கீங்க. ரெண்டு வரில எழுதிக் கொண்டாங்க. கழிவை அள்ளி எரிச்சுட்டா விஷயம் முடிஞ்சுரும்.”

“நோட்டீஸ் கொடுக்கணும்னா கழிவு என்னன்னு ஆய்வறிக்கை வேணும் மேடம். விதி ஒன்பது. மிஷின் பழுது.”

அவர் யாருக்கோ போன் செய்தார்.

16 நவம்பர்

மார்ச் மாதத்திலிருந்து பழுதாக இருந்த பெரிய மிஷினை இன்று பதினொன்றரை மணிக்குள் சரி செய்துவிட்டார்கள். ஒரு ஃப்யூஸ்தான்.

18 நவம்பர்

மாதிரி எடுக்கக் குப்பத்துக்குப் போனேன். தேசம்மாள் கொட்டகை வாசலில் நின்றார்.

“சட்ட சார், நீயா என் மேல கேஸு போட்டுகினு கீறே?”

“நோட்டீஸ்தான். கேஸ் இல்லை. விதிப்படி.”

“நான் குடுத்த டீயெல்லாம் குடிச்சியே.”

இதற்குப் பதில் எழுத வேண்டிய அவசியம் இல்லை.

பத்துத் தலையணையில் மாதிரி எடுத்தால் போதும் என்கிறார்கள். விதியில் ‘போதிய எண்ணிக்கை’ என்றுதான் இருக்கிறது. போதியது எவ்வளவு என்று யாரும் சொல்லாததால் 1,140-லும் எடுப்பது என்று முடிவு செய்தேன். எந்தத் தேதியில், ஆற்றின் எந்த இடத்தில் எடுத்தது என்று ஒவ்வொன்றுக்கும் சீட்டு கட்ட வேண்டும். பதிவேடு எதுவும் இல்லை. ஆனால் பெண்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஒவ்வொரு புடவையும் யாருடையது, அவர் எங்கே இறங்கினார், அன்றைக்கு என்ன நடந்தது என்று வெறுப்போடு சொன்னார்கள். நான் எழுதிக்கொண்டேன். “பச்ச பார்டரு, பாலத்துக்குக் கீய, மூணாந்தூணு, எம் மாமியா செத்த அன்னிக்கி.” செத்த தேதியை இறப்புச் சான்றிதழில் சரிபார்த்தேன்.

மில்காரர் எனக்கு வணக்கம் சொல்வதை நிறுத்திவிட்டார். துலுக்காணம் வீட்டில் சாப்பாடு மட்டும் வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறார்கள்.

21 நவம்பர்

குழம்பு நன்றாக இருந்தது என்று மூடிய கதவைப் பார்த்துச் சொன்னேன்.

22 நவம்பர்

விதி பதினான்கு: பறிமுதல் செய்யப்படும் கழிவை அது எங்கிருந்து வந்திருக்கக்கூடுமோ அந்த இடத்துப் பொருளோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இதை யாரும் பின்பற்றுவதில்லை. நான் அம்ரீஷுக்கு ஒரு கடிதம் எழுதினேன்: ‘தங்கள் புகாரின்பேரில் திருமதி தேசம்மாள் மீது எடுக்கப்படும் நடவடிக்கையை வலுப்படுத்தும் பொருட்டு, தங்கள் கிடங்கின் தொட்டிகளிலிருந்து தலா ஒரு பாட்டில் மாதிரி தந்துதவ வேண்டும்.’

23 நவம்பர்

அம்ரீஷ் நேரிலேயே கொண்டுவந்து கொடுத்தார். ஆறு பாட்டில், ஒவ்வொன்றிலும் கிடங்கின் சீல், தொட்டி எண், அவருடைய கையெழுத்து. எனக்குக் கை கொடுத்தார். “உங்களை மாதிரி ஒழுங்கா வேலை செய்ற ஆபீசர் நாலு பேர் இருந்தா போதும் சார்,” என்றார்.

நான் ஆபீசர் இல்லை, உதவியாளர் என்று திருத்தினேன்.

26 நவம்பர்

நான்காம் எண் தொட்டி. 1,140-ம் பொருந்துகின்றன.

27 நவம்பர்

நோட்டீஸை மேடத்திடம் கொண்டுபோனேன். இரண்டு வரி கேட்டிருந்தார். இணைப்புகளோடு எண்பத்தாறு பக்கம் வந்துவிட்டது.

அவர் முதல் பக்கத்தைப் படித்தார். கண்ணாடியை மாற்றிக்கொண்டு மறுபடி படித்தார். பிறகு எண்பத்தாறு பக்கத்தையும் படித்தார். டீ ஆறிப்போனது. நான் நின்றுகொண்டே இருந்தேன். படித்து முடித்ததும் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

“சட்டைநாதன், இதுல எழுத்துப்பிழை ஏதாவது இருக்கா?”

“இல்லை மேடம்.”

“விதி விட்டுப்போயிருக்கா?”

“இல்லை மேடம்.”

“முப்பதாம் தேதி ரிடையர் ஆறீங்க. பென்ஷன் பேப்பர் இன்னும் மேல கையெழுத்தாகல. தெரியும்ல?”

“தெரியும் மேடம்.”

கையெழுத்துப் போட்டார். ஒவ்வொரு பக்கத்திலும் போட்டார். எழுத்துப்பிழை விஷயத்தில் மேடம் மிகவும் கறாரானவர்.

28 நவம்பர்

நோட்டீஸை நேரில் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். தேசம்மாள் வாங்க மறுத்தார். வாங்கிய துலுக்காணம் வழக்கம்போல் உரக்க வாசித்தார். கொட்டகைப் பெண்கள் எல்லோரும் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள். ஒருவர் என்னைத் திட்ட ஆரம்பித்தார். துலுக்காணம் நிறுத்தச் சொன்னார்.

“‘மேற்படி தேசம்மாள் ஆகிய தாங்கள், அக்டோபர் 24 முதல் நவம்பர் 9 வரை, மேற்படி எண்ணெய்க் கிடங்கின் நான்காம் எண் தொட்டியிலிருந்து வடிகால் குழாய் வழியாகக் கழிமுகத்தில் கலந்த உலை எண்ணெய் சுமார் நாலாயிரம் கிலோவை, இணைப்பில் கண்ட 1,140 இடங்களிலிருந்து எடுத்து, அனுமதியின்றி வைத்திருந்த குற்றத்துக்கு...’”

துலுக்காணத்தின் குரல் மெல்ல இறங்கியது. முதல் முறையாக ஒரு காகிதத்தை அவர் மனதுக்குள் வாசித்தார்.

“யக்கா,” என்றார். “இதுல எண்ணன்னு எய்திகீது. கொயாயின்னு எய்திகீது. தொட்டி நம்பரு கூட கீது.”

தேசம்மாள் என் பக்கம் வந்தார்.

“அப்ப எண்ண வந்துச்சுன்னு கெவுருமெண்டே சொல்லிருச்சா சார்?”

“நான் எதுவும் சொல்லவில்லை. தங்கள் மீது குற்றச்சாட்டு இருக்கிறது. நாளைக் காலை பத்தரை மணிக்கு மையத்தில் விசாரணை. ஒத்துக்கொள்ளலாம், மறுக்கலாம். கையெழுத்துப் போடுங்கள்.”

“ஒத்துக்கினா?”

“இணைப்பில் உள்ள எல்லாமே உண்மை என்று ஆகிவிடும்.”

அவர் இறால் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். பிறகு, டீ குடிக்கிறாயா என்று கேட்டார். சர்க்கரை சரியாக இருந்தது.

29 நவம்பர்

விசாரணை. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

குப்பத்திலிருந்து அறுபது பேர் வந்தார்கள். மையத்தில் நாற்காலி இல்லாததால் அரசு முத்திரை போட்ட தலையணைகளை அவர்களே கொண்டுவந்து தரையில் போட்டு உட்கார்ந்தார்கள். அம்ரீஷும் ஒரு வக்கீலும் வந்தார்கள். வக்கீல் எண்பத்தாறு பக்கத்தையும் முதல் நாளே படித்துவிட்டார் என்பது முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. அம்ரீஷ் என் பக்கம் திரும்பவே இல்லை.

மேடம் கேட்டார். “குற்றத்தை ஒத்துக்கிறீங்களா?”

“ஒத்துக்கிறேம்மா,” என்றார் தேசம்மாள். “நாந்தான் எடுத்தேன். நாலாயிரம் கிலோ.”

வக்கீல் எழுந்தார். “மேடம், இந்த அம்மா நிரபராதி. இவங்க எந்த எண்ணெயையும் எடுக்கலை. புகாரை நாங்க வாபஸ் வாங்கிக்கிறோம்.”

“யோவ், நான் எடுத்தேன்யா.”

“அம்மா, நீங்க எடுக்கலை. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

“நீ கூட இருந்து பாத்தியா? பச்ச பார்டரு மூணாந்தூணு, மஞ்சப் பொடவ பாலத்துக்குத் தெக்க. எயுதி கீதுல்ல? படிச்சுப் பாரு.”

“இந்த அம்மாவுக்கு அவ்வளவு எண்ணெய் தூக்கற சக்தியே கிடையாது, மேடம். பாருங்க, எவ்வளவு பலவீனமா இருக்காங்க.”

தேசம்மாள் எழுந்து, பக்கத்தில் இருந்த இரும்பு பீரோவை ஓர் அடி நகர்த்திக் காட்டினார். உள்ளே இருந்த கோப்புகள் சரிந்தன. அறுபது பேரும் கை தட்டினார்கள். ஒரு குற்றவாளியின் குற்றத்தை நிரூபிக்க இவ்வளவு பேர் சாட்சி சொல்ல முன்வந்து நான் பார்த்ததில்லை. “நானும் எடுத்தேன், என் பேரையும் போடு,” என்று ஒவ்வொருவராக வரிசையில் வந்து நின்றார்கள். அம்ரீஷ் எல்லோரையும் பார்த்து, “யாரும் எடுக்கலை, ப்ளீஸ், யாரும் எதையும் எடுக்கலை,” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. சீல் போட்ட ஆறு பாட்டிலும் மேஜையில் இருந்தன.

புகாரை வாபஸ் வாங்கலாமா என்று மேடம் என்னைக் கேட்டார். ஆய்வறிக்கை பதிவான பிறகு வாங்க முடியாது, விதி இருபத்தொன்று என்றேன்.

மேடத்தின் உத்தரவு பன்னிரண்டு மணிக்கு வந்தது. தேசம்மாளின் குற்றம் நிரூபிக்கப்பட்டது. கிடங்கு தன் எண்ணெயைத் தானே பொறுப்பேற்றுத் திரும்ப எடுத்துக்கொண்டு, வடிகால் குழாயை உடனே அடைக்க வேண்டும். குற்றத்துக்குத் தண்டனையாக, பாலத்துக்கு மேல்பக்கமுள்ள இரண்டு மைல் நீரில் எஞ்சியிருக்கும் எண்ணெயையும் தேசம்மாளும் அவருடைய சகாக்களும் எடுத்து முடிக்க வேண்டும். துணியும் கூலியும் படகும் கிடங்கின் பொறுப்பு. வேலிக் கதவின் சாவியை இன்றே ஒப்படைக்க வேண்டும்.

சாவி அம்ரீஷின் பாக்கெட்டிலேயே இருந்தது.

30 நவம்பர்

ஓய்வு பெற்றேன். மூன்று மணிக்கு மாலை, சால்வை. மூன்றரைக்கு ஒரு கவர். பத்துத் தலையணைக்குப் பதிலாக 1,140-ல் மாதிரி எடுத்து அரசுப் பொருட்களை விரயம் செய்தது ஏன் என்று விளக்கம் கேட்டிருக்கிறார்கள். விளக்கம் ஏற்கப்படும் வரை பென்ஷன் நிறுத்திவைக்கப்படும். கையெழுத்து மேடத்துக்கும் மேலே உள்ளவருடையது. கவரை மேடமே கொண்டுவந்து கொடுத்தார். என் கழுத்து மாலையில் பிய்ந்து தொங்கிய ஒரு பூவைச் சரி செய்துவிட்டுப் போனார்.

சீர்காழிக்கு இரவு பஸ்ஸில் போவதாக இருந்தேன். டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன். காரணம் ஒன்றுமில்லை. சட்டைகள் இன்னும் காயவில்லை.

1 டிசம்பர்

இனி டைரி எழுத விதி எதுவும் இல்லை. பக்கம் மீதி இருக்கிறது.

காலை ஏழு மணிக்கு மேல்பக்கம் போனேன். வேலிக் கதவு திறந்திருந்தது. உள்ளே குழாய் வாயில் ஆட்கள் கான்கிரீட் போட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கே ஆறு கரையிலிருந்து கரை வரை எண்ணெய். பெண்கள் புதுத் தலையணைகளை இறக்கத் தொடங்கியிருந்தார்கள்.

வாசலில் செக்யூரிட்டி என்னை நிறுத்தினார். உள்ளே போகிறவர்கள் பெயரும் பதவியும் பதிவேட்டில் எழுத வேண்டும். பெயர் எழுதினேன். பதவி என்ற கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. முப்பத்திரண்டு வருடமாக அந்தக் கட்டத்தில் யோசிக்காமல் ஒன்றை எழுதிவந்திருக்கிறேன்.

“பதவி போடுங்க சார். இல்லேன்னா விட முடியாது.”

தேசம்மாள் ஆற்றுக்குள்ளிருந்து திரும்பிப் பார்த்தார். இடுப்பு வரை கறுப்பாக இருந்தார்.

“இன்னா சார், அங்கியே நிக்கிறே?”

“பதவி கேட்கிறார்கள்.”

“ரெண்டாங் குத்தவாளின்னு எயுதிட்டு வா. தண்ணி ஏறிக்கினு கீது.”

எழுதினேன். செக்யூரிட்டி படித்துப் பார்த்துவிட்டு, கையெழுத்து எங்கே என்று கேட்டார். அதையும் போட்டுவிட்டு, சட்டையைக் கழற்றி வேலியில் தொங்கவிட்டு, இறங்கினேன்.